சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பி12 பார்க்க வேண்டியது ஏன்?

பெரியப்பா குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் வந்து திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி, எங்கள் வீடு வரை நடந்தே வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோதுதான் இடது காலில் செருப்பே இல்லை என்று தெரிந்தது. எங்கே கழன்றது, எவ்வளவு தூரம் வெறுங்காலோடு நடந்தார் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. சித்திரை மாதத்துத் தார் ரோடு. பாதத்தில் இரண்டு இடத்தில் கொப்புளம்.

"சுகர் கால்தானேம்மா, இப்படித்தான் இருக்கும்" என்றார்.

பதினொரு வருஷமாக அவருக்குச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம், காலையும் ராத்திரியும் பிரித்து. கால் மதமதப்பு என்று அவர் சொன்னபோது, காட்டிக்கொண்டிருந்த இடத்தில் சுகரால் வந்த நரம்புக் கோளாறு என்று ஒரு மாத்திரை சேர்த்திருந்தார்கள். இரண்டு வருஷம் அதுவும் ஓடியது. நான் கடலூரில் ஒரு லேபில் ரத்தம் பார்க்கிறவள். எனக்கும் அதுவரை வேறு எதுவும் தோன்றவில்லை, அது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

அன்று சாயங்காலம் முகம் கழுவப் போனவர், சோப்பு போட்டுக் கண்ணை மூடியதும் பக்கவாட்டில் சாய்ந்து குழாயைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்ததும்தான் எனக்குத் திக்கென்றது. மறுநாள் காலையில் ரத்தம் எடுத்தேன்.

ஹீமோகுளோபின் 9.4. ஆண்களுக்கு 13க்கும் பெண்களுக்கு 12க்கும் கீழே போனால் சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதே ரிப்போர்ட்டில் எம்சிவி என்று ஒரு எண் இருக்கும். ஒரு சிவப்பணு சராசரியாக எவ்வளவு பெரிது என்பதைச் சொல்வது அது. 80க்கும் 100க்கும் நடுவில் இருக்க வேண்டியது 108 இருந்தது.

ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சிலைடில் இழுத்து, காயவிட்டு, லீஷ்மன் சாயம் ஊற்றிக் கழுவி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். எங்கள் வேலையில் கண்ணாலேயே அளக்க ஒரு வழி உண்டு. லிம்போசைட் என்ற சிறிய வெள்ளணுவின் உட்கருவும் நல்ல சிவப்பணுவும் ஏறக்குறைய ஒரே அளவு. பெரியப்பாவின் சிவப்பணுக்கள் அதைவிடப் பெரிதாக, வட்டம் தப்பி முட்டை வடிவத்தில் கிடந்தன. நடுவில் நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வகை வெள்ளணு. அதன் உட்கரு வழக்கமாக நூலில் மூன்று நான்கு மணி கோத்தது மாதிரி இருக்கும். இதில் எண்ணினேன், ஆறு. இப்படி ஒன்று கண்ணில் பட்டாலே வைட்டமின் பி12 அல்லது ஃபோலிக் ஆசிட் குறைவைச் சந்தேகப்பட வேண்டும். பி12க்கு அனுப்பினோம். 112 வந்தது. ஒரு மில்லி ரத்தத்தில் 200 பிகோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு.

சரி, சுகர் மாத்திரைக்கும் ஒரு வைட்டமினுக்கும் என்ன சம்பந்தம்? அதைத்தான் ஆரம்பத்திலிருந்து சொல்லப் போகிறேன்.

ரத்தத்துக்கு இரும்பு மட்டும் போதாது

ரத்தம் கம்மி என்றதும் நம் ஊரில் எல்லாருக்கும் இரும்புச்சத்துதான் நினைவுக்கு வரும். பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, ஆட்டுச் சுவரொட்டி. தப்பில்லை, சோகைக்குப் பெரும்பாலும் காரணம் இரும்புதான். ஆனால் சிவப்பணு பிறப்பதற்கு இன்னொரு வேலையும் நடக்க வேண்டும். எலும்பு மஜ்ஜையில் இருக்கிற தாய் அணு தன் டிஎன்ஏவைப் படியெடுத்து, இரண்டாகப் பிரிந்து, மறுபடி பிரிந்து பெருக வேண்டும். அந்தப் படியெடுப்பதற்கு பி12உம் ஃபோலிக் ஆசிடும் தேவை. அவை இல்லாதபோது அணு வளர்ந்துகொண்டே போகும், பிரிய முடியாமல் நிற்கும். அதனால்தான் பெரிய அணு, குறைந்த எண்ணிக்கை. பாதி வளர்ந்த பல அணுக்கள் மஜ்ஜைக்குள்ளேயே செத்தும் போகும். அவை உடைந்து வருகிற பிலிருபின், வெளிறிய உடம்பில் லேசான மஞ்சளை ஏற்றும். கண் மஞ்சளாகத் தெரிகிறதே என்று காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடித்துவிட்டு, பல நாள் கழித்து எங்கள் லேபுக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரும்பு குறைந்தால் அணு சின்னதாகிறது, பி12 குறைந்தால் பெரிதாகிறது. இரண்டும் சேர்ந்து குறைந்தால்? சின்னதும் பெரிதும் கலந்து, சராசரி எடுத்தால் 88, 90 என்று ஒழுங்கான எண்ணாக வந்து நிற்கும். எம்சிவி நார்மல் என்று ரிப்போர்ட்டை மூடி வைத்துவிடக் கூடாது என்பது இதனால்தான். நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கலப்புச் சோகை நிறையவே வருகிறது.

ஈரல் சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்று பாட்டிமார் சொல்வதற்கும் மருத்துவத்தில் ஆதாரம் உண்டு. 1926ல் அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி என்ற இரண்டு மருத்துவர்கள், அதுவரை ஆளைக் கொன்றுகொண்டிருந்த ஒரு வகைச் சோகையைத் தினமும் நிறைய ஈரல் கொடுத்துக் குணப்படுத்திக் காட்டினார்கள். விப்பிளோடு சேர்த்து அவர்களுக்கு 1934ல் நோபல் பரிசு கிடைத்தது. ஈரலுக்குள் இருந்த அந்தச் சத்தைச் சிவப்புப் படிகமாகப் பிரித்தெடுத்தது 1948ல். அதுதான் பி12. நடுவில் கோபால்ட் என்ற உலோகம் உட்கார்ந்திருக்கிற ஒரே வைட்டமின் இது.

வாயிலிருந்து ரத்தத்துக்கு

பி12 உடம்புக்குள் போவது மற்ற வைட்டமின்களைப் போலச் சுலபமில்லை. இந்தப் பாதை புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

மீன், முட்டை, பால், கறி எதில் இருந்தாலும் பி12 அங்கே புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரித்தெடுப்பது வயிற்று அமிலம். பிரிந்ததும் எச்சிலிலிருந்து வந்த ஒரு புரதம் அதைப் பிடித்துக்கொண்டு அமிலத்திலிருந்து காப்பாற்றுகிறது. சிறுகுடலின் தொடக்கத்தில் கணைய நீர் வந்து அந்தப் பிடியை விடுவிக்கும். அங்கே காத்திருக்கிற வேறொரு புரதம், இரைப்பைச் சுவரில் சுரந்து வந்தது, பி12ஐ வாங்கிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஆறு மீட்டர் நீளச் சிறுகுடல் முழுக்கப் பயணம் செய்து, அதன் கடைசிப் பகுதிக்குப் போனால்தான் உள்ளே எடுத்துக்கொள்ளும் வாசல் இருக்கிறது. வழியில் வேறு எங்கேயும் வழக்கமான வாசல் கிடையாது. அந்தக் கடைசி வாசல் திறக்கக் கால்சியம் வேண்டும்.

மெட்ஃபார்மின் கை வைப்பது அங்கேதான். கால்சியம் குடல் சுவரில் செய்ய வேண்டிய வேலையை அது தடுக்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்டிருக்கிற விளக்கம். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்குக் கால்சியம் கூடுதலாகக் கொடுத்தபோது பி12 உறிஞ்சுவது மறுபடி கூடியது என்று 2000ல் வந்த ஒரு சிறிய ஆய்வு இதற்கு வலு சேர்த்தது. அதற்காகக் கால்சியம் மாத்திரையை நாமே வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. பி12ஐயே கொடுப்பது நேரான வழி.

அப்புறம் இந்தப் பாதையின் முதல் வாசலும் முக்கியம். வயிற்று அமிலம் குறைந்தால் புரதத்திலிருந்து பி12 பிரியாது. பான்டோபிரசோல், ஒமிபிரசோல் என்று நாம் 'கேஸ் மாத்திரை' என்று சொல்கிறவை அமிலத்தைக் குறைப்பவை. காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை, பிறகு சுகர் மாத்திரை என்று பத்து வருஷமாகப் பழகிப்போனவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். இரண்டு வாரத்துக்கு என்று எழுதிக் கொடுத்ததை மெடிக்கலில் காட்டிக் காட்டி வாங்கிக்கொண்டே இருப்பார்கள். இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற பழக்கம். கேஸ் மாத்திரை இன்னும் தேவைதானா என்று அடுத்த தடவை டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பெரியப்பாவுக்கு மூன்றும் சேர்ந்துவிட்டது. மெட்ஃபார்மின், ஆறேழு வருஷமாகக் கேஸ் மாத்திரை, மூன்றாவதாக அவருடைய சாப்பாடு. அவர் சன்மார்க்கி. வடலூரில் வள்ளலார் 1867ல் ஏற்றிய தருமச்சாலை அடுப்புக்கு மாதம் தவறாமல் அரிசி கொண்டு போய்க் கொடுக்கிற குடும்பம். புலால் அந்த வீட்டு வாசற்படி ஏறியதில்லை. கடலூர் மாவட்டத்தில் இப்படி எத்தனையோ குடும்பங்கள் உண்டு. பி12 இயற்கையில் மாமிசம், மீன், முட்டை, பால் இவற்றில்தான் இருக்கிறது. செடி கொடியில் கிடையாது.

ஏன் இத்தனை வருஷம் கழித்து?

மெட்ஃபார்மின் ஆரம்பித்த மறு வருஷமே இது வருவதில்லை. காரணம், நம் ஈரலில் பி12 சேமிப்பு இருக்கிறது. நல்ல சேமிப்பு உள்ளவருக்கு உடம்பில் மொத்தம் 2,000 முதல் 5,000 மைக்ரோகிராம் வரை இருக்கும். ஒரு நாளைக்குத் தேவை இரண்டு மைக்ரோகிராமுக்குக் கொஞ்சம் மேலே. 3,000 இருந்து, தினமும் இரண்டு கரைந்தால் 1,500 நாள், நாலு வருஷம் சொச்சம். மெட்ஃபார்மின் வாசலை முழுவதும் மூடுவதில்லை, ஒருக்களித்து வைக்கிறது. அதனால் ஐந்து, எட்டு, பத்து வருஷம் என்று ஆளுக்கு ஆள் மாறும். புரட்டாசி முழுக்க மீன் சாப்பிடாததாலோ, சபரிமலைக்கு மாலை போட்டதாலோ, ஏப்ரல் 15லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் கிடைக்காததாலோ யாருக்கும் பி12 குறைந்துவிடாது. வருஷக்கணக்கில் உள்ளே போகாமல் இருப்பதுதான் விஷயம்.

இன்னொன்றும் உண்டு. ஈரல் தினமும் கொஞ்சம் பி12ஐப் பித்தநீரில் குடலுக்குள் விடும், குடல் அதையே திரும்ப எடுத்துக்கொள்ளும். சைவச் சாப்பாடு மட்டும் காரணம் என்றால் இந்தச் சுழற்சி காப்பாற்றும், குறைபாடு வர ரொம்ப காலம் ஆகும். உறிஞ்சுவதே கெட்டுவிட்டால் உள்ளே இருந்ததும் வெளியே போய்விடும். மீன் சாப்பிடுகிறவருக்கும் மெட்ஃபார்மினால் பி12 குறைவது இதனால்தான். தேவனாம்பட்டினத்திலிருந்து தினமும் மீன் வாங்கிச் சாப்பிடுகிறவர் ஒருவருக்கு 160 என்று நானே ரிப்போர்ட் அடித்திருக்கிறேன். அவர் நம்பவே இல்லை.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. மெட்ஃபார்மினைச் சர்க்கரை நோய்க்குக் கொடுத்துப் பார்த்து 1957ல் எழுதியவர் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர். பி12 குறைகிறது என்பது 1970களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. நெதர்லாந்தில் இன்சுலின் போடுகிற 390 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மெட்ஃபார்மினும் மற்றதற்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் நாலு வருஷத்துக்கு மேல் கொடுத்துப் பார்த்தார்கள். மெட்ஃபார்மின் பிரிவில் பி12 அளவு 19 சதவீதம் இறங்கியது. அது 2010ல் வெளியானது. 2022ல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இது பத்தில் ஒருவர் வரை பாதிக்கக்கூடிய சாதாரணமான பக்கவிளைவு என்று அறிவித்தது. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு, அதிலும் சோகையோ கால் மரப்போ உள்ளவர்களுக்கு, அவ்வப்போது பி12 பாருங்கள் என்று சொல்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மெட்ஃபார்மின் நல்ல மருந்து. விலை குறைவு, தனியாகச் சாப்பிட்டால் சர்க்கரையைத் தாழ்சர்க்கரை அளவுக்கு இறக்குவது அரிது, உடல் எடையை ஏற்றாது. 1998ல் வெளிவந்த பிரிட்டனின் பெரிய நீரிழிவு ஆய்வில், உடல் பருமன் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் சாவும் இதனால் குறைந்தன. கிட்னியைக் கெடுக்கும் என்ற பேச்சும் சரியில்லை. கிட்னி ஏற்கெனவே மிகவும் தளர்ந்தவர்களுக்கு அதை நிறுத்துவார்கள், அதைக் கேட்டுத்தான் இந்தப் பேச்சு வந்திருக்கும். பி12 குறைந்தால் பி12ஐக் கொடுத்துவிட்டு மெட்ஃபார்மினைத் தொடர்வதே வழக்கம்.

நாம் சாப்பிடுவது மெட்ஃபார்மின்தானா என்று எப்படித் தெரியும்? அட்டையின் பின்பக்கம் பாருங்கள். பெரிய எழுத்தில் கம்பெனிப் பெயர், அதன் கீழே பொடி எழுத்தில் உள்ளே என்னென்ன மருந்து, எவ்வளவு என்று இருக்கும். கிளிமிப்ரைடு, வில்டாகிளிப்டின் என்று வேறு மருந்தோடு சேர்ந்தும் மெட்ஃபார்மின் வரும். பெயர் மாறினாலும் உள்ளே அது இருந்தால் கணக்கு ஒன்றுதான். கண் சரியாகத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அந்த அட்டையை நீங்கள் ஒரு தடவை படித்துச் சொல்லுங்கள்.

நரம்பு காத்திருக்காது

சோகையைவிட எனக்குப் பயம் நரம்பைப் பற்றித்தான். நரம்பின் மேல், கரண்ட் ஒயருக்கு மேல் இருக்கிற பிளாஸ்டிக் உறை மாதிரி ஒரு கொழுப்பு உறை உண்டு. அதைப் பழுது பார்த்து வைத்திருக்க பி12 வேண்டும். அது இல்லாமல் போனால் உறை தேய்ந்து செய்தி சரியாகப் போகாது. கால் மரப்பு, எரிச்சல், எறும்பு ஊர்வது, பஞ்சு மேல் நடக்கிற மாதிரி. சர்க்கரையால் வரும் நரம்புக் கோளாறிலும் அச்சு அசல் இதேதான் வரும். இரண்டும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தும் இருக்கலாம். சுகர் இருக்கிறது, கால் மரக்கிறது, அப்படியானால் சுகர்தான் என்று முடிவு கட்டிவிடுவது அதனால் எல்லாருக்கும் சுலபமாகிவிடுகிறது.

பி12 குறைவு முதுகுத்தண்டின் பின்பகுதியையும் பிடிக்கும். நம் கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வை மூளைக்குக் கொண்டுபோகிற பகுதி அது. கண் திறந்திருக்கும் வரை பார்வை அந்தக் குறையை ஈடுகட்டும். கண்ணை மூடினாலோ, இருட்டில் எழுந்து பாத்ரூம் போனாலோ தள்ளாடும். பெரியப்பா குழாயைப் பிடித்தது இதனால்தான். கால் மரத்த கொஞ்ச நாளிலேயே கையும் மரப்பது, நாக்கு வழவழவென்று சிவந்து ரசம்கூட எரிவது, காரணமில்லாத எரிச்சலும் மறதியும் இவையும் பி12ஐ நினைக்க வைக்க வேண்டும். ஆனால் அறிகுறியை வைத்து மட்டும் இது அது என்று பிரிக்க முடியாது. ரத்தம் பார்த்தே ஆக வேண்டும். ஹீமோகுளோபின் 13, 14 என்று நன்றாக இருக்கும்போதே நரம்பு கெடுகிறவர்களும் உண்டு.

இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது, தயவுசெய்து கவனியுங்கள். ரத்தம் கம்மி என்று இரும்போடு ஃபோலிக் ஆசிட் சேர்ந்த சத்து மாத்திரையை மட்டும் பெரியவர்களுக்கு வாங்கிக் கொடுக்கிறோம். பி12 குறைந்தவருக்கு அதிலுள்ள ஃபோலிக் ஆசிட், ரத்தத்தை ஓரளவு சரி செய்துவிடும். ஹீமோகுளோபின் ஏறுகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போது நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். பி12 எவ்வளவு என்று தெரியாமல் ஃபோலிக் ஆசிடை மட்டும் தனியாகத் தொடரக் கூடாது.

லேபுக்கு வருமுன்

பி12 பார்க்க ஒரு ஊசி ரத்தம் போதும். 200க்குக் கீழே குறைபாடு, 200 முதல் 300 வரை சந்தேகம் என்பது பொதுவான கணக்கு. லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். சந்தேகமான இடத்தில் இருந்தால் ஹோமோசிஸ்டீன் போன்ற வேறு சோதனைகள் உண்டு, ஆனால் அறிகுறி இருக்கிறவருக்குப் பல டாக்டர்கள் நேராகவே பி12 கொடுத்துப் பார்ப்பார்கள்.

சத்து மாத்திரை சாப்பிட ஆரம்பிக்கும் முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள். பி காம்ப்ளெக்ஸ் பத்து நாள் போட்டுவிட்டு வந்தால் எண் ஏறித்தான் தெரியும், உள்ளே நிலைமை என்ன என்று புரியாது. முடிக்காகப் பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லுங்கள், சில மெஷின்களில் அது முடிவைக் குழப்பும். குடிப்பழக்கம் இருந்தாலும், தைராய்டு குறைந்திருந்தாலும் எம்சிவி ஏறும். அதையும் மறைக்க வேண்டாம். எங்களுக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தால் டாக்டரிடமாவது சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை உள்ளவருக்கு வருகிற சோகை எல்லாம் பி12 என்றும் நினைத்துவிடக் கூடாது. கிட்னி தளர்ந்தாலும் ரத்தம் குறையும். மூலத்தில் ரத்தம் போனாலும், ஆஸ்பிரினால் வயிற்றில் கசிந்தாலும் குறையும். அதனால் இரும்புச் சேமிப்பைச் சொல்லும் ஃபெரிட்டின், கிட்னி நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் இரண்டையும் கூடவே பார்ப்பது நல்லது.

எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரை, இதில் நிறையப் பேர் ஏமாந்துவிடுகிறார்கள். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும், அதுவரை அதன் மேல் படிந்த சர்க்கரையைத்தான் இந்தச் சோதனை அளக்கிறது. பி12 குறைந்து புது அணு வருவது நின்றுபோனால், ரத்தத்தில் சுற்றுவதெல்லாம் வயதான அணுக்கள். சர்க்கரை உண்மையில் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். பெரியப்பாவுக்கு வீட்டில் குத்திப் பார்த்தால் காலையில் 130தான், எச்பிஏ1சியோ 8.6. மாத்திரையைக் கூட்டலாமா என்கிற பேச்சு வரை போயிருந்தது. பி12 ஏற்றத் தொடங்கியதும் இளம் அணுக்கள் கூட்டமாக வரும், அப்போது எண் சட்டென்று இறங்கும். அதுவும் உண்மையில்லை. அந்த மாதங்களில் விரல் நுனியில் குத்திப் பார்க்கிற எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் மூலம் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நடக்க முடியாத பெரியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். ஆனால் மாத்திரை வீடு தேடி வந்துவிடுகிறதே என்று வருஷக்கணக்கில் டாக்டர் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறோம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது நேரில் போய், கால் மரப்பைச் சொல்லி, பி12 பார்க்கலாமா என்று கேட்கலாம். புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கிற ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் சரி, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறவர்களும் சரி, பழைய மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு போங்கள்.

சிவப்பு மருந்து

பெரியப்பாவுக்கு டாக்டர் ஊசி எழுதினார். பழுப்புக் கண்ணாடிக் குப்பி, மருந்து செக்கச்செவேல் என்று இருக்கும். ரத்தத்துக்கான மருந்து என்று சாயம் சேர்த்திருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது பி12இன் சொந்த நிறம். வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால்தான் பழுப்புக் கண்ணாடி.

ஊசியைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "இது எதை அறுத்து எடுத்ததும்மா?" பதில் தெரியாமல் சம்மதிக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். சொன்னேன். "எதையும் அறுக்கறதில்ல பெரியப்பா. நம்ம வீட்டுத் தயிர்ல இருக்கே, அந்த மாதிரி நுண்ணுயிரை பெரிய தொட்டியில வளர்த்து அதுலேர்ந்து எடுக்கறாங்க." உண்மையும் அதுதான். மாட்டுக்குமேகூட பி12 அதன் வயிற்றிலுள்ள நுண்ணுயிர் செய்து கொடுப்பதுதான். ஆனால் கேப்சூல் வடிவில் வருகிற பல சத்து மாத்திரைகளின் மேலுறை ஜெலட்டின், அது விலங்கிலிருந்து வருவது. சைவத்தில் கண்டிப்பாக இருக்கிறவர்கள் வில்லையாகவோ ஊசியாகவோ கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஊசி முதலில் அடிக்கடியும், பிறகு மாதம் ஒன்றுமாகப் போடுவார்கள். நரம்பு அறிகுறி இல்லாதவர்களுக்கு மாத்திரையே போதுமானதாகவும் இருக்கும். குடல் வாசல் சரியில்லாதபோது மாத்திரை எப்படி வேலை செய்யும் என்று கேட்பீர்கள். ரொம்ப அதிகமாகக் கொடுத்தால், அந்த வாசலைத் தாண்டி குடல் சுவர் வழியாகவே ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு கசிந்து உள்ளே போகும். 1,000 மைக்ரோகிராமில் பத்து. நமக்குத் தேவை இரண்டு சொச்சம்தானே. யாருக்கு ஊசி, யாருக்கு மாத்திரை, எத்தனை நாள் என்பது டாக்டர் முடிவு.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, மட்டி, ஈரல், மத்தி, கானாங்கெளுத்தி இவற்றில் பி12 நிறைய. முட்டையில் ஒன்றுக்கு அரை மைக்ரோகிராம் அளவுக்கு, அதுவும் மஞ்சள் கருவில். பாலில் ஒரு டம்ளருக்கு முக்கால் மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். பீட்ரூட்டிலும் மாதுளையிலும் முருங்கைக்கீரையிலும் வேறு நல்ல சத்துகள் உண்டு, பி12 இல்லை. ஆரோவில் பக்கம் வளர்க்கிற ஸ்பைருலினாவில் பி12 இருக்கிறது என்று வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இங்கே அதிகம். அதில் இருப்பது பெரும்பாலும் பி12ஐப் போன்ற வேறொரு பொருள், நம் உடம்பு அதை பி12 ஆகப் பயன்படுத்திக்கொள்ளாது. சோதனையில் மட்டும் பி12 மாதிரி தெரியும். பழைய சோறும் அப்படித்தான். வயிற்றுக்கு நல்லது, எனக்கும் பிடிக்கும், ஆனால் பி12க்கு அதை நம்ப முடியாது. ஒரு தடவை குறைந்துவிட்டால் சாப்பாட்டால் மட்டும் மேலே கொண்டு வருவது மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவருக்கு நடக்காத காரியம்.

பெரியப்பாவுக்கு முதல் ஊசி போட்டு ஒரு வாரத்தில் சிலைடு போட்டுப் பார்த்தேன். புதிதாகப் பிறந்த இளம் சிவப்பணுக்கள் நீலம் கலந்த நிறத்தில் வந்திருந்தன. இரண்டு மாதத்தில் ஹீமோகுளோபின் 12.8. மாடிப்படி ஏறும்போது இருந்த மூச்சிரைப்பு போய்விட்டது. நரம்பு அவ்வளவு வேகமாகத் திரும்பாது, ஆறு மாதம், ஒரு வருஷம் என்று இழுக்கும். ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டிருந்தால் கொஞ்சம் திரும்பாமலே போகலாம். அவருக்கு முகம் கழுவும்போது தள்ளாட்டம் நின்றுவிட்டது. இடது காலில் கடைசி இரண்டு விரல் இன்னும் மரத்தபடியேதான் இருக்கிறது.

வார் வைத்துக் கட்டுகிற செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ராத்திரி படுக்குமுன் பெரியம்மா டார்ச் அடித்துப் பாதம் இரண்டையும் பார்த்துவிடுகிறார். மாத ஊசி மறந்து போகாமல் இருக்க, பூச நட்சத்திரத்தன்று என்று பெரியப்பாவே வைத்துக்கொண்டார். காலையில் ஊசி போட்டுக்கொண்டு, வடலூரில் திரை விலக்கி ஜோதி காட்டுகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்.